ராணி போன பிறகும் ஆட்டம் இருக்கிறது: சதுரங்கக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெர்லின் டிஃபென்ஸ் என்ற, கருப்பு ஆடும் தொடக்க ஆட்டத்தைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பெர்லினுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டேன். பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்திப் பார்த்தபடியே படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் ஏறும். புதியவர்களுக்கு ஒரு வரி: ஏ முதல் ஹெச் வரை நெடுக்கு வரிசைகள் (ஃபைல்), 1 முதல் 8 வரை குறுக்கு வரிசைகள்; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் அது சிப்பாய் நகர்த்தல்; ஜோடியாகச் சொன்னால் முதலில் வெள்ளை, பிறகு கருப்பு.

கேள்வி: ஒரு போட்டியின் கடைசிச் சுற்று, நான் வெள்ளை. ஜெயித்தால் பரிசு. ரூய் லோபஸ் ஆடினேன், எதிராளி பெர்லினுக்குப் போனார். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுவிட்டன. அவருடைய ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது, சி ஃபைலில் இரட்டைச் சிப்பாய் வேறு. நமக்குத்தான் நல்ல நிலை என்று நினைத்து ஒன்பதில் ஹெச்3, அவர் ராஜாவை இ8-க்கு வைத்ததும் பத்தில் ஜி4 தள்ளினேன். அப்புறம் எல்லாமே சரிந்துவிட்டது. தப்பு எங்கே? மூன்றாவது நகர்த்தலில் பிஷப் பி5 ஆடுவதையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். நீங்கள் ஆடிய முதல் எட்டு நகர்த்தலும் உலக சாம்பியன்ஷிப்பில் ஆடப்பட்டவைதான். மற்ற வாசகர்களுக்காக அதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, இதுவரை ரூய் லோபஸ். இங்கே கருப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் பெர்லின். நான்கில் வெள்ளை காஸ்லிங் செய்கிறது (ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை அதைத் தாண்டி வைப்பது), கருப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. ஐந்தில் டி4, குதிரை டி6-க்குத் திரும்பி வந்து பி5 பிஷப்பைத் தாக்குகிறது. ஆறில் பிஷப் சி6 குதிரையை வெட்ட, டி சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. ஏழில் வெள்ளைச் சிப்பாய் இ5-ஐ வெட்ட, குதிரை எஃப்5-க்குத் தாவுகிறது. எட்டில் ராணி ராணியை வெட்ட, ராஜா அந்த ராணியை வெட்டுகிறது.

இப்போது சிப்பாய்களை எண்ணுங்கள். ராஜா பக்கத்தில் உங்களுக்கு நான்கு, அவருக்கு மூன்று. ராணி பக்கத்தில் அவருக்கு நான்கு, உங்களுக்கு மூன்று, ஆனால் அவருடைய நான்கில் இரண்டு சி ஃபைலில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. அதனால் உங்கள் மூன்று சிப்பாய் அவருடைய நான்கையும் கட்டிப்போட்டுவிடும், உங்கள் நான்கிலிருந்து மட்டும் தடுக்க ஆளில்லாத ஒரு சிப்பாய் கிளம்பும். மற்ற காய்கள் எல்லாம் பலகையைவிட்டுப் போய், ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெள்ளை ஜெயிக்கும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் உங்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறது.

அந்தக் கணக்கில் வராத ஒன்று, உங்கள் வெள்ளைக் கட்ட பிஷப். ஆறாவது நகர்த்தலில் அதைக் கொடுத்துவிட்டீர்கள். அவரிடம் இரண்டு பிஷப்பும் இருக்கின்றன. உங்கள் இ5 சிப்பாய் கருப்புக் கட்டத்தில் நிற்கிறது, அதற்கு முன்னால் இருக்கும் இ6 வெள்ளைக் கட்டம், அவர் குதிரை உட்கார்ந்திருக்கும் எஃப்5-உம் வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டங்களில் உங்கள் பிஷப் தகராறு செய்யவே முடியாது. கருப்பின் ஆட்டம் மொத்தமும் இதன் மேல்தான் நிற்கிறது: வெள்ளைக் கட்டங்களில் அணை கட்டி, உங்கள் நான்கு சிப்பாய் நகராமல் பார்த்துக்கொள்வது.

சரி, உங்கள் பத்தாவது நகர்த்தலுக்கு வருவோம். எஃப்5 குதிரையை விரட்ட ஜி4 தள்ளினீர்கள். குதிரை இ7-க்குப் பின்வாங்கியது. அங்கேயே நிறுத்தி, சி8-இல் இருக்கும் அவருடைய பிஷப்பைப் பாருங்கள். குதிரை எஃப்5-இல் இருந்தவரை அந்த பிஷப்புக்கு வழி அடைபட்டிருந்தது. குதிரையை விரட்டி அந்த வழியை நீங்களே திறந்துவிட்டீர்கள். நீங்கள் பதினொன்றில் குதிரையை சி3-க்கு வைக்க, அவர் ஹெச்5. ஜி4-ஐக் காக்க எஃப் சிப்பாய் வர வேண்டும், அதன் வழியில் உங்கள் குதிரையே நிற்கிறது. நீங்கள் சிப்பாயால் ஹெச்5-ஐ வெட்டினீர்கள், அவர் பிஷப் அந்த நீளமான சாய்வில் சறுக்கி வந்து ஹெச்3-ஐ வெட்டி, கூடவே எஃப்1 யானையையும் தாக்கியது. யானையை நகர்த்தினீர்கள், அவர் யானை ஹெச்5-ஐ வெட்டியது. ஒரு சிப்பாய் நஷ்டம், ராஜா முன்னால் ஒரு மறைப்பும் இல்லை, காஸ்லிங் செய்ய முடியாமல் மூலையில் தூங்கிக்கொண்டிருந்த அவர் யானை அதே மூலையிலிருந்து நேராக ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் நகர்த்தல்களைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை.

ஜி4 என்ற யோசனை தப்பில்லை, நேரம்தான் தப்பு. பத்தில் குதிரையை சி3-க்கு வைத்து, யானையை டி1-க்குக் கொண்டுவந்து, சி3 குதிரையை இ2 வழியாக ஜி3-க்கோ எஃப்4-க்கோ அனுப்பி எஃப்5 குதிரையோடு நேருக்கு நேர் நிற்கவைத்த பிறகு, எஃப்3 குதிரையை நகர்த்தி எஃப் சிப்பாய்க்கு வழிவிட்டு, அப்புறம்தான் சிப்பாய்களைத் தள்ள வேண்டும். நடுவில் அவர் ஹெச்5 ஆடி ஜி4-ஐத் தடுத்துவிடுவார், அது சகஜம். ஆனால் அந்தச் சிப்பாய் ஹெச்5-க்குப் போய்விட்டால் ஜி5 கட்டத்தை அதனால் இனிக் காக்க முடியாது, உங்கள் குதிரையோ பிஷப்போ அங்கே குடியேறலாம்.

இன்னொன்று. கடிதத்தின் கடைசியில், "முடிந்த காயையெல்லாம் வெட்டிக்கொண்டே போயிருக்க வேண்டுமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்ட வேண்டும். உங்கள் குதிரை ஒன்றைக் கொடுத்து அவருடைய வெள்ளைக் கட்ட பிஷப்பை வாங்க முடிந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அணையின் பெரிய கல் அதுதான். மாறாக, கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டே போய், உங்களிடம் கருப்புக் கட்ட பிஷப்பும் அவரிடம் வெள்ளைக் கட்ட பிஷப்பும் மட்டும் மிஞ்சினால், ஒரு சிப்பாய் அதிகம் இருந்தாலும் பெரும்பாலும் டிராதான். ரூய் லோபஸை எடுக்கும்போதே இந்த எண்ட்கேமையும் (காய்கள் குறைந்த பிறகு வரும் ஆட்டம்) சேர்த்து எடுக்கிறோம். முதல் எட்டு நகர்த்தலைப் படிக்க அரை மணி நேரம் போதும், ஒன்பதாவதிலிருந்துதான் படிப்பே ஆரம்பிக்கிறது.

கேள்வி: 2000-இல் காஸ்பரோவையே இந்த பெர்லின் தடுத்து நிறுத்தியது என்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரால் ஏன் உடைக்க முடியவில்லை? அந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருந்தது?

பதில்: கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது. லண்டனில் 2000 அக்டோபரில் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப் மேட்ச். காஸ்பரோவ் 1985 முதல் சாம்பியன். எதிரில் கிராம்னிக். மொத்தம் 16 ஆட்டம் என்று பேச்சு, 15-லேயே முடிந்துவிட்டது. கிராம்னிக் 8.5 புள்ளி, காஸ்பரோவ் 6.5. கிராம்னிக் இரண்டாவது ஆட்டத்தையும் பத்தாவது ஆட்டத்தையும் ஜெயித்தார், மற்றவை டிரா. காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு சாம்பியன் மேட்ச் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தது அதற்கு முன்னால் 1921-இல் கபபிளாங்காவிடம் லாஸ்கர் தோற்றபோதுதான்.

காஸ்பரோவ் வெள்ளையாக ஆடிய 1, 3, 9, 13-ஆவது ஆட்டங்களில் கிராம்னிக் பெர்லின் ஆடினார். நான்கும் டிரா. அந்தச் சமயத்தில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு, மேல்மட்டத்தில் இதைப் பெரிதாக யாரும் நம்பவில்லை. காஸ்பரோவின் பலம் என்ன? ராணிகள் பலகையில் இருக்கும்போது, காய்கள் எல்லாம் உயிரோடு இருக்கும்போது, வீட்டில் தயாரித்துக்கொண்டு வந்த புது நகர்த்தலோடு மேலே பாய்வது. அதை எட்டாவது நகர்த்தலிலேயே பலகையிலிருந்து எடுத்துவிட்டார் கிராம்னிக். தனக்குக் கொஞ்சம் மோசமான, ஆனால் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலைக்கு எதிராளியை இழுத்துக்கொண்டு போவது. இதைவிடத் தைரியமான ஓப்பனிங் (தொடக்க ஆட்டம்) தேர்வு எனக்குத் தெரிந்து குறைவு.

முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம், 25 நகர்த்தல்தான். எட்டு நகர்த்தல் நீங்கள் மேலே பார்த்தவை. ஒன்பதில் காஸ்பரோவ் குதிரையை சி3-க்கு வைக்க, கிராம்னிக் பிஷப்பை டி7-க்கு வைக்கிறார். பத்தில் பி3, ஹெச்6. பதினொன்றில் பிஷப் பி2, ராஜா சி8. இங்கே நிறுத்தி அந்த எஃப்5 குதிரையை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். பதின்மூன்றில் அது இ7-க்குத் தானாகவே பின்வாங்குகிறது, பதினான்கில் ஜி6. பிறகு பத்து நகர்த்தல் அங்கேயே இருந்துவிட்டு, இருபத்து நான்கில் மறுபடியும் இ7, இருபத்தைந்தில் மறுபடியும் எஃப்5, டிரா. ஏழாவது நகர்த்தலில் எங்கே நின்றதோ அங்கேயே முடிந்தது. 25-இல் 8 நகர்த்தல் இந்த ஒரே குதிரைக்குப் போயிருக்கிறது. ஓப்பனிங்கில் ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதே என்று நாமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் இல்லையா?

அதைவிட எனக்கு ஆச்சரியம் ஹெச்8 யானை. ராஜா நகர்ந்துவிட்டதால் காஸ்லிங் கிடையாது, பக்கத்தில் எஃப்8 பிஷப் ஆட்டம் முடியும்வரை நகரவே இல்லை, அப்படியானால் இந்த யானை எப்படி வெளியே வரும்? கிராம்னிக் பதினைந்தில் சிப்பாயை ஹெச்5-க்குத் தள்ளுகிறார், பதினெட்டில் ஹெச்4-க்கு. இருபத்தொன்றில் யானை மேலே ஏறி ஹெச்5-இல் வந்து நிற்கிறது, அங்கிருந்து ஐந்தாவது வரிசை முழுக்க இ5 சிப்பாயை நோக்கிப் பார்க்கிறது. இருபதில் ராஜா பி7-க்கு விலகியதால் ஏ8 யானைக்கும் வழி கிடைத்து, இருபத்திரண்டில் அது இ8-க்கு வருகிறது. காஸ்லிங் இல்லாமலே இரண்டு யானையும் வேலைக்கு வந்துவிட்டன, இரண்டும் ஒரே சிப்பாயைக் குறிவைத்து. முதன்முதலாக இதைப் பலகையில் வைத்துப் பார்த்த அன்று அந்த ஹெச்4, யானை ஹெச்5 இரண்டையும் நான் எத்தனை தடவை பின்னால் போய்த் திரும்ப ஆடிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

உடைக்க முடியாததற்கு என் கருத்தில் இன்னொரு காரணம், காஸ்பரோவ் அந்தச் சுவரைச் சுற்றிப் போகாமல் திரும்பத் திரும்ப அதன் மேலேயே மோதியது. அது அவருடைய இயல்பு, அந்த இயல்புதான் அவரை அத்தனை வருஷம் சாம்பியனாக வைத்திருந்தது. அதைப் படித்து வைத்திருந்ததில்தான் கிராம்னிக்கின் தயாரிப்பு இருக்கிறது.

கேள்வி: பெர்லினில் கருப்பு ராஜா டி8-இலிருந்து மறுபடியும் இ8-க்கு வந்துவிட்டால் பிறகு காஸ்லிங் செய்யலாமா?

பதில்: முடியாது. ராஜா ஒருமுறை நகர்ந்துவிட்டால் அந்த ஆட்டம் முழுக்க காஸ்லிங் உரிமை போய்விட்டது, பழைய கட்டத்துக்குத் திரும்பினாலும் அது திரும்பாது.

கேள்வி: பெர்லின் என்றாலே டிராவுக்கு ஆடுகிறவர்களின் ஓப்பனிங்தானே? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ஏன் ஆட வேண்டும்?

பதில்: இந்தப் பெயர் அதற்குக் கிடைத்தது 2000-க்குப் பிறகு. ஆனந்த் - கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப் மேட்சுகளை எடுத்துப் பாருங்கள், டிரா என்று கைகுலுக்கிவிட்டுப் போகிற ஆட்டங்களா அவை? 2013-இல் நான்காவது ஆட்டம், ஆனந்த் வெள்ளை, ராணிகள் போன அதே நிலை, கார்ல்சன் பிஷப்பை ஏ2 வரை அனுப்பி ஒரு சிப்பாயைத் தின்றார், 64 நகர்த்தல் இழுத்து டிரா. ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் ராணிகளை வெட்டவிடாமல் நான்கில் டி3 ஆடிப் பார்த்தார், அதுவும் யானை எண்ட்கேம்வரை போய் 67-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் கருப்பில் ஜெயித்தார்.

2014-இல் சோச்சியில் இடம் மாறிவிட்டது, பெர்லின் ஆடியவர் ஆனந்த். ஏழாவது ஆட்டத்தில் அவர் பிஷப்பைக் கொடுத்து இரண்டு சிப்பாயை வாங்கிக்கொண்டு, 122 நகர்த்தல் தாக்குப்பிடித்து டிரா செய்தார். பதினொன்றாவது ஆட்டத்தில் நிலை அவருக்குச் சாதகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் இருபத்தேழாவது நகர்த்தலில் யானையை பி4-க்கு வைத்து, பிஷப்புக்காக அதைக் கொடுத்தார். அது கைகொடுக்கவில்லை, 45 நகர்த்தலில் ஆட்டமும் மேட்சும் முடிந்தது. அந்த யானை பி4-ஐ இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான், ஆனால் பாருங்கள், ஜெயிக்க முயன்றதால்தான் அது வந்தது. டிரா வேண்டுமென்று நினைக்கிறவர் அங்கே யானையைக் கொடுக்க மாட்டார்.

கேள்வி: எனக்கு எண்ட்கேம் வராது. வெள்ளையாக ஆடும்போது இந்த ராணி வெட்டிலிருந்து தப்பிக்க என்ன வழி?

பதில்: நான்கில் காஸ்லிங் செய்யாமல் டி3 ஆடுங்கள், இ4 சிப்பாய்க்குக் காவல் வந்துவிடும், கருப்பு பெரும்பாலும் பிஷப் சி5 ஆடுவார், நிதானமான ஆட்டம் கிடைக்கும். ஒரே ஒரு பொறி மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டி3-க்குப் பதிலடியாக கருப்பு சி6 குதிரையை இ7-க்கு நகர்த்தினால், இ5 சிப்பாய் இலவசமாக நிற்பது போலத் தெரியும். வெட்டாதீர்கள். வெட்டினால் சி6 என்று சிப்பாய் வந்து பி5 பிஷப்பைத் தாக்கும், பிஷப்பை நகர்த்தினால் ராணி ஏ5-இலிருந்து செக் வைத்து, அதே ராணி இ5 குதிரையைத் தூக்கிக்கொண்டு போகும்.

தெரியாமல் வெட்டிவிட்டீர்கள் என்றால், பிஷப்பைத் தொடாமல் குதிரையை சி4-க்கு வையுங்கள். ஆசைப்பட்டு அவர் பிஷப்பை வெட்டினால் குதிரை டி6-க்குத் தாவி செக்மேட்! ராஜா இ8-இல், சுற்றி டி8 ராணி, எஃப்8 பிஷப், டி7 சிப்பாய், எஃப்7 சிப்பாய், இ7 குதிரை என்று எல்லாம் அவருடைய ஆட்களே வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். விவரம் தெரிந்தவர் வெட்டாமல் டி6 ஆடுவார், நீங்கள் பிஷப்பை ஏ4-க்கு நகர்த்தினால் பி5 வந்து பிஷப், குதிரை இரண்டையும் ஒன்றாகத் தாக்கும், ஒரு காய் போகும். அதனால் முதலிலேயே வெட்டாமல் இருப்பதுதான் நல்லது.

ஆனாலும் "எண்ட்கேம் வராது" என்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆனந்தின் அந்த ஆறாவது ஆட்டமும் டி3-இல்தான் தொடங்கியது, எண்ட்கேமில்தான் முடிந்தது.

கேள்வி: என் மகள் புதிதாகப் போட்டிகளுக்குப் போகிறாள். ஓப்பனிங்கில் எத்தனை நகர்த்தல்வரை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: எண்ணிக்கை சொல்ல மாட்டேன். அவள் ஆடும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் "ஏன் இங்கே?" என்று கேளுங்கள், பதில் வருகிறவரைக்கும் உள்ளவை அவளுடையவை, அதற்கு மேல் உள்ளவை இரவல். இரவல் எப்படிக் கைவிடும் என்பதற்கு 1988-இல் பியல் நகரில் நடந்த ஆட்டம் ஒன்று போதும். சபாடா வெள்ளை, ஆனந்த் கருப்பு, பெட்ரோஃப் டிஃபென்ஸ். ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை எஃப்5-க்கு வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்த்தல் வந்து டிராவில் முடிந்திருந்தது, அதனால் நல்ல நகர்த்தல் என்றுதான் யாருக்கும் தோன்றும். சபாடா ராணியை இ2-க்கு வைத்தார். அவ்வளவுதான், ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்துவிட்டார். இ4 குதிரைக்குப் பின்னால் ராஜா, டி5 ஆடிக் காப்பாற்றினால் டி3 வந்து குதிரையைத் தின்னும், ராணியை இ7-க்கு வைத்துக் காப்பாற்றினால் வெள்ளைக் குதிரை டி5-க்கு வந்து ராணியை விரட்டும். ஆறே நகர்த்தல். பின்னாளில் ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்துக்கே இது நடந்திருக்கிறது, அதனால் மகள் எங்காவது மறந்துபோய் விழித்தால் திட்டாதீர்கள்.

பெர்லினை அவளுக்கு இப்போதே கொடுக்காதீர்கள். ராணிகளும் குதிரைகளும் முட்டிக்கொள்ளும் ஆட்டங்களை நூறாவது ஆடட்டும், எட்டாவது நகர்த்தலில் ராணியை எடுத்துவிட்டால் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி பலகையைவிட்டுப் போய்விடும்.

கேள்வி: காஸ்லிங் செய்யும்போது முதலில் யானையைத் தொட்டுவிட்டேன். எதிராளி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டார், யானையைத்தான் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இது சரியா?

பதில்: சரிதான். சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி யானையைத் தொட்டுவிட்டுப் பிறகு ராஜாவைத் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, தொட்ட யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். முதலில் ராஜா, அதை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு அதே கையால் யானை. வீட்டில் விளையாடும்போதும் இப்படியே செய்து பழகுங்கள், போட்டியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கை பழக்கத்தின்படிதான் போகும்.